நம்ம ஊர்க்காரர்தானே, எழுதி எதுக்கு?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. செம்பூரில் இருக்கும் நம்ம திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் அனுப்பியிருந்தார். பழைய இந்தியன் டாய்லெட், மூலையில் பச்சை வாளி, விரிசல் விட்ட வெள்ளை டைல்ஸ். கீழே ஒரே வரி: "தம்பி, இத வெஸ்டர்னா மாத்தணும். எவ்வளவு ஆகும்?"

மும்பையில் இருபது வருஷத்துக்கு மேலாக வீட்டு ரிப்பேர் காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, கல்ஃபுக்குப் போக ஏஜெண்டைப் பார்க்க வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன் (அது தனிக் கதை). இத்தனை வருஷத்தில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை. இனிமேலும் கற்றுக்கொள்வதாக இல்லை. ஒருமுறை சொல்லித்தான் கெட்டேன்.

2011-ல் நடந்தது. முலுண்டில் ஒரு அண்ணன். நான் மும்பை வந்த புதிதில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் சாப்பாடு. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரே ஒரு டாய்லெட். டீ குடித்துக்கொண்டே, "டாய்லெட்ட மாத்திரலாம்னு இருக்கேன், எவ்வளவுடா ஆகும்?" என்று கேட்டார். நானும் டீ குடித்துக்கொண்டே, "ஒரு எண்பது ஆகும்ணே, நாலு நாள்ல முடிச்சிரலாம்" என்றேன். "சரி, நல்லாப் பண்ணிக் குடு" என்றார். எங்கள் ஒப்பந்தம் மொத்தமும் அவ்வளவுதான்.

நான் சொன்ன எண்பதாயிரத்தில் கூலி, சிமெண்ட், டைல்ஸ், பைப் அடக்கம். கமோடு, குழாய், வாஷ்பேசின் தனி. அவர் காதில் விழுந்த எண்பதாயிரத்தில் எல்லாமே அடக்கம், கண்ணாடி உட்பட. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவுமில்லை.

இரண்டாம் நாள் தரையை உடைத்தால், பழைய வார்ப்பிரும்புக் குழாய் கையோடு உதிர்ந்து வருகிறது. தண்ணீர் வடியும் நானி ட்ராப்பில் விரிசல். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "நீங்க சுத்தியல் அடிச்சுத்தான் எங்க சீலிங் கறையாச்சு" என்றார். அந்தக் கறைக்கு என் வயசு இருக்கும். ஆனால் வேலை தொடங்கும் முன் ஒரு படம் எடுத்து வைக்கவில்லை, எதைக் காட்டி மறுப்பது? அனுமதிக் கடிதம் இல்லை என்று சொசைட்டி செக்ரட்டரி வேலையை நிறுத்தினார். நாலு நாள் வேலை பத்தொன்பது நாள் ஆனது. கடைசிக் கணக்கு 1,45,000 ரூபாய்.

அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் முழுத் தொகையும் கொடுத்தார். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். பல மாதம் கழித்து அக்கா என் மனைவியிடம் சொன்னது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் நாலு பேரும் எதிர் வீட்டு டாய்லெட்டுக்குப் போயிருக்கிறார்கள். மூத்த பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. "ராத்திரியில எதிர் வீட்டுக் கதவத் தட்டணுமேன்னு, எட்டு மணிக்கு மேல தண்ணி குடிக்கவே மாட்டா." வேலை தொடங்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியே அதுதானே, இத்தனை நாள் எங்கே போவீர்கள் என்று. கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. கோயிலில் வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. எழுதாமல் ஆணி கூட அடிப்பதில்லை. அதிலும் நம்ம ஆட்கள் என்றால் இரண்டு மடங்கு எழுதுவேன்.

இதைச் சொன்னால் நம்மவர்களுக்கு முகம் சுருங்குகிறது. "என்ன தம்பி, நமக்குள்ள பேப்பர் எல்லாம்?" என்பார்கள். எனக்குப் புரிகிறது. வெளியூரில் இருக்கும் நாம் நம்மூர்க்காரரைத் தேடிப் போவதே இதற்காகத்தான். புருஷன் ஆபீஸ் போன பிறகு, தரைச் சரிவு போதவில்லை என்பதை இந்தியிலோ மராட்டியிலோ மிஸ்திரிக்குப் புரிய வைக்கும் பாடு அக்காமார்களுக்குத்தான் தெரியும். தமிழில் ஒரு அதட்டல் போட முடிகிறதே, அந்த நிம்மதிக்கு விலை உண்டு. தப்பே இல்லை.

ஆனால் அந்த நிம்மதியே நம் வாயையும் கட்டிப் போடுகிறது. தெரியாத காண்ட்ராக்டர் என்றால் மூன்று கொட்டேஷன் வாங்குவோம், வரி உண்டா இல்லையா என்று குடைவோம். (கேட்கத்தான் வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் பில் போட்டால் 18 சதவீதம். ஒரு லட்சம் என்று பேசிவிட்டுக் கடைசியில் பதினெட்டாயிரத்துக்கு முறைத்துக்கொள்வதை நிறையப் பார்த்துவிட்டேன்.) நம்ம ஆள் என்றால் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமாம்.

எங்கள் தரப்பும் லேசுப்பட்டதில்லை. "பார்த்துப் பண்ணிக்கலாம்ணே" என்று ஒரு வசனம் வைத்திருக்கிறோம். நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அதற்கு அர்த்தம், எனக்கும் தெரியாது, தெரியாது என்பதை இப்போது சொல்லவும் மாட்டேன், என்பதுதான். சட்டப்படி வாய்ப் பேச்சும் ஒப்பந்தம்தான், 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் அதை ஒதுக்கவில்லை. என்ன பேசினோம் என்று நிரூபிப்பதுதான் பாடு. அண்ணன் தம்பி என்று பழகியவர்கள் கோர்ட்டுக்கா போகப் போகிறோம்? போவதில்லை. பேசுவதை நிறுத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், தெரியாத ஆளிடம் எழுதி வாங்காவிட்டால் பணம் போகும். தெரிந்தவரிடம் எழுதி வாங்காவிட்டால் ஆளே போய்விடுவார்.

சரி, செம்பூருக்கு வருவோம். அண்ணனுக்குப் பதில் போட்டேன்: "அண்ணே, நேர்ல வந்து பாக்கணும். பாக்க 1,500 ரூபாய். வேலை எனக்கே கிடைச்சா பில்லில் கழிச்சுக்கலாம்." கொஞ்ச நேரம் பதிலே இல்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தால் ஃபீஸ் கொடுக்கிற நமக்கு, தரையைத் தட்டிப் பார்ப்பவனுக்குக் கொடுக்க மனசு வருவதில்லை. சும்மா வந்து பார்ப்பவர் பத்து நிமிஷம் பார்ப்பார், அதற்கேற்ற விலையைச் சொல்வார். அன்றைக்கு நான் அங்கே மூன்று மணி நேரம் இருந்தேன்.

போனதும் முதல் அதிர்ச்சி, பால்கனியில் அட்டைப்பெட்டியோடு ஒரு புது கமோடு. ஆன்லைன் ஆஃபரில் வாங்கிவிட்டாராம். அதன் கழிவு தரைக்குள் இறங்கும், அதாவது எஸ் ட்ராப். இந்த வீட்டிலோ பழைய மும்பைக் கட்டிடங்கள் பலவற்றில் உள்ளபடி, கழிவுக் குழாய் பின்சுவர் வழியாக வெளியே போகிறது. அதற்கு வேண்டியது பி ட்ராப். எஸ் ட்ராப்பிலேயே கூட, சுவரிலிருந்து துளையின் நடுப்பகுதி எத்தனை அங்குலம் என்று மாடலுக்கு மாடல் மாறும். அளவெடுக்கும் முன் கமோடு வாங்குவது, காலைப் பார்க்காமல் செருப்பு வாங்குவது போல. நல்லவேளை, திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணனுக்கு மார்பிள் மாதிரி பளபளவென்று பெரிய டைல்ஸ் வேண்டும். அக்காவுக்கு கீசரை இடம் மாற்ற வேண்டும். பையன் போனில் ஏதோ படம் காட்டினான். வீட்டில் ஆச்சி ஒருவர் இருக்கிறார், அண்ணனின் அம்மா, 78 வயசு. இந்த மாற்றமே அவர் முழங்காலுக்காகத்தான். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆச்சி, ராத்திரி எத்தனை தடவை எந்திரிப்பீங்க?" என்று கேட்டேன்.

"மூணு தடவயாவது எந்திரிக்கேன்யா. உக்காருறது கூடப் பெருசில்ல. எந்திரிக்கும்போது பிடிச்சுக்கிட ஒண்ணுமில்ல. வாசப்படி வேற தட்டுது. போன மாசம் விழப் பாத்தேன், இவங்கிட்டச் சொல்லல."

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அக்கா அண்ணனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்த இடத்தில் வேலையே மாறிவிட்டது. அதுவரை அது கமோடு மாற்றும் வேலை. இப்போது, இருட்டில் கட்டிலிலிருந்து எழுந்து ஆச்சி போய்த் திரும்பி வரும் வேலை. வாசலில் நாலு அங்குலம் உயர்ந்து நிற்கும் கல்லை எடுக்க வேண்டும். எடுத்தால் தண்ணீர் வெளியே வரும், ஆகவே உள்ளே சரிவைக் கூட்டி வாசலருகே ஒரு வடிகால் வைக்க வேண்டும். கதவு உள்பக்கம் திறக்கிறது. ஆச்சி உள்ளே விழுந்தால் கதவு அவர் மேலேயே இடிக்கும், திறக்கவும் முடியாது. எனவே வெளிப்பக்கம் திறக்கும் கதவு. கைப்பிடி எங்கே வரும் என்பதை டைல்ஸ் ஒட்டும் முன்பே சுவரில் குறிக்க வேண்டும், செங்கல்லில் ஆழமாகப் போல்ட் இறங்க வேண்டும். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடித்துக் கம்பியோடு விழுந்தவர்கள் உண்டு. வீட்டில் இருந்த ஸ்டூல், நாற்காலி எல்லாவற்றிலும் ஆச்சியை உட்கார வைத்து எழுந்திருக்கச் சொன்னேன். சிரமமில்லாமல் எழுந்த நாற்காலி 18 அங்குலம். கடையில் கிடைக்கும் சாதாரண கமோடு பதினைந்து, பதினாறுதான் இருக்கும். ஆச்சிக்கு வேண்டியது உயரமான மாடல். பளபள டைல்ஸை அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார், சொரசொரப்பானது போதும் என்று.

அப்புறம் எழுதினேன். ஒரே தாள், மூன்று பத்தி. முதல் பத்தியில் என் விலையில் என்னென்ன உண்டு, அளவோடு. இரண்டாவதில் என்னென்ன இல்லை. இந்த இரண்டாவதைத்தான் எங்கள் ஆட்கள் எழுதவே மாட்டார்கள், சண்டை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. கீசர் இல்லை, எலக்ட்ரிக் வயரிங் இல்லை, பாத்ரூம் வெளியே பெயிண்ட் இல்லை. மூன்றாவது பத்தி, உடைத்தால்தான் தெரியும் சமாச்சாரம். தரைக்கடியில் குழாய் நன்றாக இருக்கலாம், உளுத்தும் போயிருக்கலாம். எக்ஸ்ரே கண் எனக்கில்லை. ஆனால் குழாய் மாற்ற வேண்டி வந்தால் அடிக்கு இவ்வளவு, ட்ராப் ஒன்றுக்கு இவ்வளவு என்று இப்போதே எழுத முடியும். படம் எடுத்துக் காட்டி, அண்ணன் சரி என்று எழுதிய பிறகுதான் கை வைப்பேன் என்பதையும் சேர்த்து. இதற்காக மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். இது என் அனுபவக் கணக்கு.

நாள் கணக்கில்தான் அண்ணன் தகராறு பண்ணினார். "ஒரு டாய்லெட்டுக்குப் பதினாலு நாளா தம்பி? இன்னொருத்தன் நாலு நாள்ங்கான்." 2011-ல் அந்த இன்னொருத்தன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. பழைய டாய்லெட்டை எடுத்தால், பள்ளமாக இறக்கிக் கட்டிய தரைக்குள் இருக்கும் நிரவல் அத்தனையும் வெளியே வரும். ஸ்லாப்பைச் சுத்தம் செய்து வாட்டர் புரூஃபிங் பூச வேண்டும், அது காய வேண்டும். பிறகு துளைகளை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டில் ஈரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் போட்டு, செங்கல் சல்லியோடு சுண்ணாம்போ சிமெண்டோ இட்டு நிரப்பி, மேலே மறுபடி ஒரு பூச்சு, மறுபடி ஒரு தண்ணீர்ச் சோதனை. அதற்கப்புறம்தான் டைல்ஸ். தண்ணீர் கட்டிய நாட்களில் ஆள் வரமாட்டார்கள். அப்போதுதான் எனக்குப் போன் வரும், "ஆளே வரலையே" என்று. அந்த இரண்டு நாளும் வேலை நடக்கிறது சாமி, தண்ணீர் செய்கிறது. நாலு நாளில் முடிப்பவர் அந்த இரண்டு நாளைத்தான் திருடுகிறார். அது அடுத்த வருஷம் கீழ் வீட்டு சீலிங்கில் தெரியும். மகாராஷ்டிரா ஹவுசிங் சொசைட்டி மாதிரி விதிகளின்படி, பாத்ரூம், சிங்க் போன்ற உள் கசிவைச் சரி செய்யும் செலவு அந்த வீட்டுக்காரர் தலையில்தான்.

தேதி குறிக்கும்போது ஆடி, மார்கழி பார்ப்போம். கூடவே மிஸ்திரியின் காலண்டரையும் பாருங்கள். என் மிஸ்திரி பீகார்க்காரர். சட் பூஜைக்கு ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார் என்பது அவருக்கும் தெரியாது. டில்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. குளிர்காலத்தில் காற்று மாசு ஏறினால் கட்டுமான வேலைகளுக்குத் தடை வரும். சின்ன உள்வேலைகளுக்கு விலக்கு உண்டென்றாலும், மணல் வண்டியும் இடிபாட்டு வண்டியும் நேரத்துக்கு வரும் என்று நம்பி உடைத்துவிடாதீர்கள்.

சொசைட்டிக்குக் கடிதம், டெபாசிட், வேலையாட்களின் அடையாள அட்டை நகல், சுத்தியல் அடிக்கும் நேரம், இடிபாட்டு மூட்டைகள் எந்தப் படி வழியாக இறங்கும். இதெல்லாம் ஒரு மாலையில் முடிந்தது. பீம், காலம், ஸ்லாப் எதிலும் கை வைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். கீழ் வீட்டுக்குத்தான் நானும் அண்ணனும் சேர்ந்தே போனோம். சிந்திக் குடும்பம், சாய் கொடுத்தார்கள். அவர்கள் முன்னாலேயே சீலிங்கைப் படமெடுத்து, இரண்டு வீட்டுக்கும் அங்கேயே அனுப்பினேன். ஏற்கெனவே இரண்டு இடத்தில் கறை இருந்தது. "வேலை முடிஞ்சதும் இதையும் பார்த்துச் சொல்லுங்க" என்றார் அந்த வீட்டம்மா. எட்டு வருஷமாக மேலேயும் கீழேயும் குடியிருக்கிறார்கள், அண்ணன் அந்த வீட்டுக்குள் போனது அன்றுதான் முதல் தடவை.

பணத்தை ஐந்து தவணையாகப் பிரித்தேன். முதல் தவணை பொருள் வாங்க மட்டும். கடைசிப் பத்து சதவீதம், குடும்பம் ஒரு மாதம் புழங்கிய பிறகு. அண்ணன், "அத இப்பவே வாங்கிக்கிடலாமே" என்றார். வேண்டாம் என்றேன். அந்தப் பணம் அவரிடம் இருந்தால்தான் நான் போனை எடுப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கடைசியாக அந்தக் கேள்வி. பதினாலு நாள் எங்கே போவீர்கள்? அண்ணனும் பையனும் சமாளித்துக்கொள்வார்கள், அக்காவுக்கு அதே மாடியில் ஒரு சிநேகிதி வீடு, கேட்டு வைத்தாயிற்று. ஆச்சி டோம்பிவிலியில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே வெஸ்டர்ன் இருக்கிறது. ஆச்சிக்கு இஷ்டமில்லை. ரொம்ப நேரம் பேசி, ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "பதினாலுன்னா பதினாலு. பதினஞ்சாம் நாள் நானே ரயிலேறி வந்துருவேன்." அதையும் தாளில் எழுதினேன். அண்ணன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நேற்று காலை ஒன்பதரைக்கு வேலை தொடங்கியது. பதினொரு மணிக்கு ஒரு மூலை திறந்தது. பின்சுவருக்குள் போகும் இடத்தில் குழாய் இணைப்பு உளுத்திருந்தது. மூன்றாவது பத்தி, இரண்டாவது வரி. படமெடுத்து அண்ணன் ஆபீசுக்கு அனுப்பினேன், அடிக் கணக்கும் தொகையும் போட்டு. ஐந்து நிமிஷத்தில் "சரி, மாத்திருங்க" என்று வந்தது. கூடவே, "டீ குடிச்சீங்களா?" என்று இன்னொரு வரி.

சாயங்காலம் டோம்பிவிலியிலிருந்து போன். ஆச்சிதான்.

"என்னய்யா, ஒடச்சாச்சா?"

"ஒடச்சாச்சு ஆச்சி."

"அந்த வாசப்படிய?"

"அதத்தான் மொதல்ல ஒடச்சோம்."